குளிர்ந்த காற்றுக்காக வைத்த குழாய்

உண்மை பேசிய ஒரு மனிதரை நான் பொய்யராக்கினேன். அதற்கு எனக்கு இரண்டு சொற்களே தேவைப்பட்டன. “எந்தக் குழாய்?” என்று கேட்டேன். கேட்ட அந்த நேரத்தில் அந்தக் குழாய் எங்கள் கிணற்றடிக்குப் பின்னால் பழைய சாக்கொன்றில் சுற்றிக் கிடந்தது. சுற்றி வைத்தவன் நான்தான்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன காலத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. துறைமுகப் பக்கத்து அலுவலகமொன்றில் படம் வரைகிற உத்தியோகம். மிஷன் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்துப் பரிசு வாங்கியவன் என்ற எண்ணம் தலைக்குள் நிறைய இருந்தது. ஓர்ஸ் ஹில் என்ற மேட்டுப் பகுதியில் அக்காவின் வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவின் கணவருக்கு ஒரு மொறிஸ் மைனர் கார் இருந்தது. வாடகைக்கு ஓடுகிற கார். கடற்படை போனபின் அத்தானின் மற்றத் தொழில்கள் படுத்துவிட்டதால் வீட்டுச் சோற்றில் பெரும்பங்கு அந்தக் காரிலிருந்துதான் வந்தது.

அதை ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம். என்னிலும் பத்து வயது மூத்தவர். அவர்கள் அண்ணனை அழைப்பது போல நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். காரை விட்டு இறங்கினால் கதவை அறைந்து சாத்தாமல் கையால் அழுத்தி மூடுகிறவர். அக்கம்பக்கத்துச் சாரதிகள் அதைப் பார்த்து, “குழந்தை நித்திரையோ?” என்று பகிடி பண்ணுவார்கள். “ஓம், எழும்பினா நீங்களா தாலாட்டுற?” என்பார் அவர்.

கிண்ணியாவுக்குப் போவதென்றால் அந்த நாளில் வாகனங்களை மிதவையில் ஏற்றி கடற்கழியைக் கடக்க வேண்டும். அந்த மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். மாரியில் ஆற்று வெள்ளம் வந்து சேர்ந்தால் இரண்டு துறைகளும் நீருக்குள் போய்விடும். பாதையிலிருந்து பலகை வழியாக இறங்குகிற கார், கொஞ்சத் தூரம் தண்ணீருக்குள் ஓடித்தான் கரையேறும். அதற்கு இந்தத் துறையில் ஓடுகிற சாரதிகளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கி நடந்து ஆழம் பார்ப்பார்கள். தண்ணீர் முழங்காலைத் தொட்டால் போகமாட்டார்கள். தொடாவிட்டால் பொனற்றைத் திறந்து, விசிறி தண்ணீரை வாரி எஞ்சினில் இறைக்காதபடி அதன் பெல்ற்றைக் கழற்றிவிட்டு, மின்பொறி பிரிகிற மூடியை மெழுகுசீலையால் சுற்றி, முதலாம் கியரில் நிறுத்தாமல் போவார்கள். நானா இதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பயணிகள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் விடமாட்டார்.

கடற்படைக்காரர் போகும்போது தளபாடங்களிலிருந்து மீன்தூண்டில் வரைக்கும் ஏலத்தில் விற்றுவிட்டுப் போனார்கள். அங்கே நான் ஒரு மரப்பெட்டியைக் கண்டு வாங்கிக்கொண்டேன். யாரோ ஒரு அதிகாரி தன் பந்தயக் காருக்காகச் சீமையிலிருந்து எடுப்பித்து, பிரிக்காமலே விட்டுப்போன சாமான். எஞ்சினுக்குள் காற்றை விடுகிற புதுமாதிரிக் காற்று வடிகட்டி, அதோடு சேர்ந்த பளபளப்பான அலுமினியக் குழாய், முழங்கை போல வளைந்த ஒரு றப்பர்த் துண்டு. கடற்படை நூலகத்திலிருந்து வெளியே எறியப்பட்ட மோட்டார்ச் சஞ்சிகைகளில் நான் இதைப் பற்றி ஏற்கெனவே படித்திருந்தேன். பெற்றோல் எரியக் காற்று வேண்டும். பொனற்றுக்குள் இருப்பது சூடான, அடர்த்தி குறைந்த ஐதான காற்று. வெளியே முன்பக்கம், தாழ்வான இடத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுத்துக்கொடுத்தால் எஞ்சினுக்குப் பலம் கூடும். எல்லாம் சரிதான். அந்தச் சஞ்சிகையை எழுதியவர் கிண்ணியாத் துறையைக் கண்டதில்லை என்பது மட்டும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

அத்தான் வேலை தேடிக் கொழும்புக்குப் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, “டேய், காரில கை வைக்கிற யோசனை ஏதும் இருந்தா இப்பவே கழுவிப்போடு. அது உன்ர பள்ளிக்கூடத்துச் சாமானில்லை” என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினார். நான் தலையாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை நானா கிண்ணியாவுக்கு வீட்டுக்குப் போயிருந்தார். கார் எங்கள் முற்றத்தில் நின்றது. சரிவான முற்றம். சில்லுகளுக்குக் கல் அடைகொடுத்துவிட்டுப் பொனற்றைத் திறந்தேன். காபரேற்றருக்கு மேல் கறுப்புப் பானை போல உட்கார்ந்திருந்த பழைய வடிகட்டியைக் கழற்றினேன். அதன் அடியில் தூசியைப் பிடிப்பதற்காக விட்ட எண்ணெய் கிடந்தது. அதை ஜாம் பேணியொன்றில் ஊற்றி வைத்தேன். புதுச்சாமான் அந்த இடத்தில் அச்சொட்டாக உட்கார்ந்தது. அந்தச் சந்தோசம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

குழாய்தான் சரிவரவில்லை. பந்தயக் காருக்கு அளந்தது, மைனருக்குக் கட்டையாக இருந்தது. வளைந்த றப்பரும் நமது வெயிலில் பெட்டிக்குள்ளேயே வெடித்திருந்தது. பழைய ரியூபை வெட்டிச் சுற்றி மூட்டைப் பொருத்தினேன். அலுவலகக் கழிவிலிருந்து எடுத்துவந்த கன்வஸ் சுற்றிய குழாயொன்றால் நீளத்தைக் கூட்டி, றேடியேற்றருக்குப் பக்கத்தால் இறக்கி, முன் பம்பருக்குக் கீழே வாய் தெரியும்படி கம்பியால் கட்டினேன். எவ்வளவு தாழ்வாகப் போகிறதோ அவ்வளவு குளிர் என்பது என் கணக்கு.

அக்கா குசினியிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தா.

“ஐயோ, என்னடா இது? காருக்குக் குடல் இறங்கின மாதிரித் தொங்குது.”

“சும்மா இருங்கோ அக்கா. இனி இது ஓர்ஸ் ஹில்லை மூச்சு வாங்காமல் ஏறும்.”

“அத்தான் வந்தா நீயும் மூச்சு வாங்காமல்தான் ஓடுவாய். கழற்றிப் போடு.”

“அவர் வரமுன்னம் ஒருக்கா ஓடிப் பாத்திட்டுக் கழற்றிறன்.”

ஓடிப் பார்த்தேன். மேட்டில் உண்மையாகவே இலகுவாக ஏறியது. அல்லது ஏறியதென்று நான் நம்பினேன். கழற்றவில்லை. அத்தானையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு அதே மேட்டில் ஏறிக்காட்டி, அவர் வாயால் ஒரு நல்ல சொல் கேட்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. குழாய்க்குக் கறுப்பு மை பூசினேன்.

நானா திரும்பி வந்து எஞ்சினை முடுக்கியதுமே தலையைச் சரித்து அதன் சத்தத்தைக் கேட்டார். இறங்கிப் பொனற்றைத் திறந்தார்.

“தம்பி, இது என்ன புதுச்சாமான்?”

“காத்து வடிகட்டி நானா. நேவிக்காரன்ர. பழசை விட நல்லது.”

“அது சரி. இந்தக் குழாய் ஏன் கீழ இறங்கிப் போகுது?”

காற்றை உள்ளே இழுக்கிற குழாய் என்று சொன்னால் அவர் அடுத்ததாக என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். தூசி போகாதா, மழைக்கு என்ன செய்வது என்பார். கடைசியில், முதலாளி வரும்வரை கழற்றி வையுங்கள் என்பார். அதனால், “அது சூடு இறங்கிற குழாய். எஞ்சின்ர சூடு அதால வெளியில போகும்” என்றேன்.

“முதலாளிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப நல்லம். படிச்ச ஆள் செய்தா ஒரு காரணம் இரிக்கும்” என்று பொனற்றை மூடினார். அதையும் அறையாமல், கையால் அழுத்தித்தான்.

அவருடைய ஒரே தங்கைக்கு அந்தக் கிழமை கலியாணம். அவர்களது வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மாப்பிள்ளை திருகோணமலை நகரத்துக் கடைக்காரப் பையன். அவரைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்க வேண்டும் என்பது நானாவின் ஆசை. முன்கூட்டியே அத்தானிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். காரைக் கழுவி, கடுதாசிப் பூக்கள் ஒட்டி, என்னையும் கூப்பிட்டார். “தம்பி, நீங்களும் வரணும். முன் சீற்றில என்னோட இருங்க” என்றார். போனேன்.

பின்னால் மாப்பிள்ளையும் தோழன்மார் மூன்று பேரும் இடித்துக்கொண்டு இருந்தார்கள். மாப்பிள்ளை வாய் ஓயாத ஆள். “மச்சான், உங்கட காரைப் பாத்துத்தான் உங்கட தங்கச்சிக்கு ஓமெண்ட நான். நடுவில நிண்டா கலியாணம் இல்ல” என்று வழி முழுவதும் பகிடி.

“நடுவில நிண்டா உங்களைத் தோள்ல தூக்கிக்கொண்டு போறன். என்ர தங்கச்சிக்கு மாப்பிள்ளை முக்கியம், சில்லு முக்கியமில்ல.”

பாதை கிண்ணியாக் கரையை அணைந்தபோது துறை நீருக்குள் இருந்தது. கரையில் பெண் வீட்டார் கூடி நின்றார்கள். பெண்கள் குரவை போடத் தொடங்கிவிட்டார்கள். நானா அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, புதுச்சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். போய்த் திரும்பி வந்தார்.

“முழங்காலுக்குக் கீழதான். போகலாம்.”

நான் காருக்கு முன்னால் நின்றேன். அவரது கால்களில் நனைந்த அடையாளம் எதுவரை இருக்கிறது என்று பார்த்தேன். பிறகு பம்பருக்குக் கீழே தொங்கிய குழாயின் வாயைப் பார்த்தேன். அது அந்த அடையாளத்துக்குக் கீழே இருந்தது. அறியாமல் நடந்தது என்று நான் பிறகு எனக்குள்ளேயே பலதரம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. அறிந்தேதான் நின்றேன். “நானா, கொஞ்சம் பொறுங்கோ, இதைக் கழற்றவேணும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சூடு இறங்கிற குழாய் என்று சொன்னது பொய்யாகும். முதலாளிக்குத் தெரியும் என்றதும் பொய்யாகும். மாப்பிள்ளைக்கும் தோழன்மாருக்கும் முன்னால் ஆகும். சிறிய தூரம்தானே, ஓட்டத்தில் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு ஏறிக் கதவைச் சாத்தினேன்.

அவர் பெல்ற்றைக் கழற்றினார். மெழுகுசீலையைச் சுற்றினார். முதலாம் கியரில் இறக்கினார். தண்ணீர் இரண்டு பக்கமும் விலகியது. கரை மேட்டுக்குக் கிட்டப் போனதும் ஏறுவதற்காகக் கொஞ்சம் கூட மிதித்தார். எஞ்சின் அந்தக் குழாயால் தண்ணீரை ஒரு இழுவை இழுத்தது. தண்ணீர் காற்றைப் போல உள்ளே அமுங்காது. பிறகு இரும்பில் சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது. காருக்குக் கீழிருந்து எண்ணெய் வந்து தண்ணீரில் நிறம் நிறமாகப் பரவியது.

குரவை நின்று போனது. ஒரு கணம் கழித்து யாரோ சிரிக்க, கரை முழுவதும் சிரித்தது. தோழன்மார் இறங்கி மாப்பிள்ளையைத் தோளில் தூக்கினார்கள். அவர் பட்டுச்சாரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “மச்சான், கடைசில கடல் வழியாத்தான் கொண்டுவந்தீங்க!” என்று கத்தினார். மீண்டும் குரவை எழுந்தது.

நானா பொனற்றைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சினின் பக்கவாட்டில் கைவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. உள்ளிருந்த தண்டொன்று முறிந்து வெளியே வந்திருந்தது. “விசிறிக்குக்கூடத் தண்ணி வரல்லியே தம்பி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு குனிந்து, “அந்தச் சூட்டுக் குழாய் தண்ணிக்குள்ள நிக்குது. அதால ஏதும் வந்திரிக்குமா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன். “நீங்க போங்கோ நானா. தங்கச்சியின்ர கலியாணம். காரை நான் பாத்துக்கொள்ளுறன்.”

அவர் என் கையைப் பிடித்தார். “நீங்க வந்தது நல்லதாப் போச்சு” என்றார்.

மறுநாள் காலையில் லொறியொன்றைப் பிடித்துக் கயிறு கட்டிக் காரை ஓர்ஸ் ஹில்லுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அத்தான் மத்தியான ரயிலில் வருவதாக இருந்தது. அதற்குமுன் புதுச்சாமானைக் கழற்றிக் கழுவிச் சாக்கில் சுற்றினேன். பழைய வடிகட்டியைத் துடைத்துப் பொருத்தி, ஜாம் பேணியிலிருந்த எண்ணெயை ஊற்றினேன். அக்கா கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தா.

பின்னேரம் நானா வந்தார். கையில் மருதோன்றிச் சிவப்பு. கலியாணப் பலகாரம் ஒரு பொட்டலம் அக்காவுக்கென்று கொண்டுவந்திருந்தார். அத்தான் அவரை இருக்கச் சொல்லவில்லை.

“தங்கச்சியின்ர கலியாணம் எண்டா கடலுக்குள்ளால ஓட்டுறதோ?”

“இல்ல முதலாளி. ஆழம் பாத்துத்தான் இறக்கின நான். பெல்ற்றும் கழற்றின நான். தம்பி பக்கத்தில இருந்தவர். அந்தப் புதுக்குழாய் ஒண்டுதான் தண்ணிக்குள்ள நிண்ட. வேற எதுக்கும் தண்ணி படல்ல.”

அத்தான் என் பக்கம் திரும்பினார். “என்ன குழாய்?”

நானாவும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயமே இல்லை. நான் சொல்வேன் என்று நம்பிக்கொண்டுதான் பார்த்தார்.

“எந்தக் குழாய்?” என்றேன்.

அத்தான் போய்ப் பொனற்றைத் திறந்தார். கறுப்புப் பானை பழைய இடத்தில் இருந்தது. நானா கிட்டப் போய்ப் பார்த்தார். கையை நீட்டி அந்த வடிகட்டியைத் தொட்டார். அதன்பிறகு அவர் காரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். வாசலில் நின்ற அக்கா குசினிக்குள் போய்விட்டா.

“உடைச்சது ஒரு பக்கம்” என்றார் அத்தான். “எனக்கு முன்னால நிண்டு பொய் வேற. இவன் இந்த எஞ்சினைப் பற்றிப் படிச்சவன். டேய், என்ன நடந்திருக்கும்?”

“வேகமாப் போனதால எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருக்கும்” என்றேன். நல்ல தெளிவாக, ஆசிரியருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னேன்.

நானா பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டு நடந்தார்.

திருகோணமலை அப்போது சிறிய ஊர். காரை உடைத்த சாரதிக்கு இன்னொரு முதலாளி கிடைக்கலாம், காரை உடைத்துவிட்டுப் பொய் சொன்னவருக்குக் கிடைக்காது. அவர் கொஞ்சக் காலம் விறகு லொறியில் ஏற்றி இறக்குகிற ஆளாகப் போனார். பிறகு சைக்கிளில் மீன்பெட்டி கட்டித் தம்பலகாமம் பக்கம் விற்றார். ஒருநாள் கடைத்தெருவில் எதிரே அந்தச் சைக்கிள் வருவதைக் கண்டு நான் பக்கத்து ஒழுங்கைக்குள் நுழைந்துவிட்டேன். அந்த ஒழுங்கையில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பழைய சுவரொட்டியொன்றை வாசிப்பது போல நின்றேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. நகரத்தில் எந்த ஒழுங்கை எங்கே போகிறது என்று எனக்கு நல்ல மனப்பாடம்.

எனக்கு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கலியாணம், பிள்ளைகள், பதவி உயர்வு. கார் வாங்குகிறவர்கள் அத்தானின் பேச்சைக் கேட்டு என்னிடம் ஆலோசனைக்கு வருவார்கள். “இவன் எஞ்சின்ர முகத்தைப் பாத்தே என்ன வருத்தம், என்ன நோய் எண்டு சொல்லுவான்” என்பார் அத்தான்.

இருபது வருடங்களுக்கு மேல் போனபின் எங்கள் அலுவலகத்துக்குச் சாரதி ஒருவரைத் தெரிவு செய்கிற குழுவில் மூன்று பேரை இருத்தினார்கள். நான் அதில் ஒருவன். வந்தவர்களில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு இளைஞன் நன்றாக ஓட்டினான். இறங்கும்போது கதவைக் கையால் அழுத்தி மூடினான். தகப்பன் யார், என்ன தொழில் என்று கேட்டார்கள். சொன்னான். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். “ஆர், மாப்பிள்ளையைக் கடலுக்குள்ள இறக்கினவரோ? தம்பி, நீர் தண்ணிக்குள்ளயும் ஓட்டுவீரோ?” என்றார். மற்றவரும் சிரித்தார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, “இல்ல சேர்” என்றான். வேலையை வேறொருவனுக்குக் கொடுத்தோம். நான் அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அந்த இருவரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். பையனைத் திருப்பி அழைக்க முடியாதா என்று கேட்டேன். ஒருவர், “கடிதம் போயிட்டுது, இனி ஏலாது” என்றார். மற்றவர் நான் சுகமில்லாமல் இருக்கிறேனோ என்று பார்த்தார்.

அங்கிருந்து அத்தானிடம் போனேன். அவர் அப்போது கிழவர். சாய்வுக்கதிரையில் கிடந்தபடி நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“இதைச் சொல்லத்தான் வந்தனியோ? எனக்கு அண்டைக்குப் பின்னேரமே தெரியும். உன்ர அக்கா அழுதழுது சொன்னவ.”

“அப்ப ஏன் அவரைத் திருப்பிக் கூப்பிடேல்லை?”

“கூப்பிட்டு என்ன சொல்லுறது? என்ர மச்சான்தான் பொய்யன் எண்டோ? உனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். வீட்டுக்குள்ள இருக்கிறவனைச் சந்தியில விட ஏலுமே? அவன் வெளியாள், எப்பிடியும் பிழைச்சுக்கொள்ளுவான் எண்டு நினைச்சன். இப்ப போய்க் கிண்டாதை.”

நான் மட்டுமல்ல, ஒரு வீடே சேர்ந்து அவரைப் பொய்யராக்கியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அது என் பாரத்தைக் குறைக்கவில்லை. அக்கா அழுதது என்னால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதையேறிக் கிண்ணியாவுக்குப் போனேன். நானா வீட்டு வேலியடியில் சைக்கிளின் சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அடிப்பதை நிறுத்தவில்லை. நின்றபடியே சொன்னேன். குழாய் உண்மையில் எதற்கு என்பது, துறையில் அதன் வாயைப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறியது, சாக்கு, ஜாம் பேணி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சில்லை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“எனக்கு ஏன் சொல்லுறீங்க? எனக்குத்தான் தெரியுமே.”

காற்றடித்த பம்பை வேலியில் சாத்தி வைத்தார்.

“தெரியாத ஆக்கள் இரிக்காங்க. என்ர தங்கச்சி இரிக்கா. அவட மாப்பிள்ளை அந்தக் கதையை வாற ஆள் போற ஆள் எல்லாருக்கும் சொல்லுவார். அவக்குப் புள்ள பொறந்த நேரத்திலயும் சொன்னார். ‘கண் தெரியாத மச்சான்’ எண்டுவார். அங்க வந்து சொல்லுங்க.”

தங்கையின் வீடு இரண்டு வேலி தள்ளி. மாப்பிள்ளை பருத்துப்போய், அதே வாயோடு இருந்தார். அக்கம்பக்கத்தவர் சிலரும் வந்து நின்றார்கள். நான் மீண்டும் முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும், படித்தவர்களையெல்லாம் மாஸ்டர் என்கிற மாப்பிள்ளை தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அட, என்ர நல்ல கதையைக் கெடுத்துப் போட்டீங்களே மாஸ்டர்! இருபது வருசமாச் சொல்லிக்கொண்டு இரிக்கன். இனி நான் என்னத்தைச் சொல்ற?”

எல்லாரும் சிரித்தார்கள். வாசல் சீலைக்குப் பின்னால் நின்ற தங்கை மட்டும் சிரிக்கவில்லை. “சிரிக்காதீங்க” என்றா. சிரிப்பு அடங்கியது. “நானா முதலாளி வீட்டால திரும்பி வந்த அண்டைக்கு ராவு என்னட்டச் சொன்னவர், ஒரு குழாய் இருந்த, தம்பி ஒளிச்சிட்டார் எண்டு. கலியாண வீட்டில எல்லாரும் பழிக்கிறதால சொல்லுறார் எண்டு நினைச்சன். நானும் நம்பல்ல.” சீலையைக் கொஞ்சம் விலக்கி, “நானா” என்று மட்டும் கூப்பிட்டா.

நானா எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டார். “வெயில் ஏறுது. மீன்பெட்டியில ஐஸ் கரைஞ்சிடும்” என்றார். தங்கைக்குப் பக்கத்தில் போய் ஒரு கணம் நின்றுவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தேத்தண்ணீர் வந்தது. குடித்தேன். குடிக்காமல் வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தரம் அவரைப் பார்க்கப் போனேன். நான் அப்போது சொந்தமாகக் கார் வைத்திருந்தேன். அதை அவரே ஓட்ட வேண்டும், வேலையாளாக அல்ல, எப்படி விருப்பமோ அப்படி, என்று கேட்டேன். “கை விட்டுப் போச்சு” என்றார். மகனுக்கு எங்கேயாவது சொல்லிவிடட்டுமா என்றேன். “அவன் புல்மோட்டையில லொறி ஓடுறான். தானாத் தேடிக்கொண்டான். உங்கட பேர் அவனுக்கு வேணாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒருதரமும் என்னை இருக்கச் சொல்லவும் இல்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசியாக நான் கிண்ணியாவுக்குப் போனது வேறு அலுவலாக. பாதையில் பக்கத்தில் நின்ற மனிதர், மூதூருக்குப் போகிற வியாபாரி, நேரம் போக்கக் கதைத்துக்கொண்டு வந்தார். கிண்ணியாக் கரை தெரிந்ததும் சிரித்தார்.

“இந்தத் துறையில ஒரு கதை நடந்த. கேள்விப்பட்டிருக்கீங்களா? படிச்ச மாஸ்டர் ஒராள் காருக்குத் தும்பிக்கை வைச்சவராம். கார் இந்தத் துறைத் தண்ணியை உறிஞ்சிக் குடிச்சிட்டு வெடிச்சதாம். மாப்பிள்ளையோட!”

மாப்பிள்ளை தன் கதையைச் செப்பனிட்டுவிட்டார் என்று விளங்கியது.

“அந்தச் சாரதி?” என்று கேட்டேன்.

“அவருக்கு என்ன? அவர் அண்டைக்கே சொன்னாராம், ஒருத்தரும் கேட்கல்லியாம். பாவம், நல்ல ஆள். இப்பவும் இங்கதான் மீன் விக்கிறார்.”

“அந்த மாஸ்டர் நான்தான்” என்றேன்.

அவர் இன்னும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். கையிலிருந்த பீடியைத் தண்ணீரில் போட்டார். கொஞ்சத்தில் பாதையின் மறுபக்கத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

கரையில் ஆட்கள் ஏறக் காத்து நின்றார்கள். அவர்களுக்குள்ளே நானாவும் மீன்பெட்டிச் சைக்கிளோடு நின்றார். வியாபாரி இறங்கிப் போகும்போது ஆளை அடையாளம் கண்டு, அவருக்கு வலிந்து ஸலாம் சொன்னார். முன்பின் தெரியாத ஆள் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று நானாவுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். பதில் ஸலாம் சொல்லிச் சிரித்தார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னைக் கடந்து பாதையில் ஏறினார். எனக்கு வழி விடுவதற்காகக் கைப்பிடியைச் சற்று ஒதுக்கினார். வேறு எவருக்கும் ஒதுக்குவது போலத்தான்.